அம்மானின் கண்ணும் தொலைபேசியும்

திருப்தி என்பது நல்ல சொல். ஆயினும் நோயாளியின் வாயிலிருந்து அது வரும்போது, ஒருமுறைக்கு இருமுறை விசாரித்தல் வேண்டும் என்பதை நாம் எமது அம்மானிடம் கற்றோம்.

அம்மான் வடமராட்சித் தோட்டக்காரர். வெங்காயத்தோடும் புகையிலையோடும் ஆயுள் முழுவதும் வெயிலில் நின்றவர். 2019 ஆம் ஆண்டில் அவரது வலக் கருவிழியின் ஓரமாகச் சிறு சதை எழுந்தது. தோட்டஞ் செய்வோர் பலரின் கண்களில் வளரும் சாதாரணச் சதையென்றே எண்ணினோம். கொழும்பு நிபுணர் அதனை வெட்டியெடுத்துச் சோதிப்பித்து, புற்றுநோய் என்றார். கண்ணின் வெண்படலத்தில் தோன்றும் இந்நோய்க்கு வெயில் ஒரு முக்கிய காரணம். ஆண்டுகள் கழிந்தும் அது மீளக்கூடும். ஆதலின் விடாது பார்த்துவருதல் வேண்டும் என்றும் விளக்கினார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, நிபுணர் தொலைபேசியிலேயே விசாரிக்கத் தொடங்கினார். ஊரடங்கு நீங்கிய பின்னும் அவ்வழக்கம் தொடர்ந்தது. அம்மானுக்கோ பெருமகிழ்ச்சி. "இரவு பஸ்ஸுமில்லை, வாங்கிலே காத்திருப்புமில்லை, ஐயா ஆறுதலாகக் கதைக்கிறார்" என்று அயலெங்கும் புகழ்ந்தார். கண் எப்படியென்று கேட்கும்போதெல்லாம், "நல்ல சுகம் ஐயா" என்பதே அவர் விடை.

ஒரு மாலை அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முகங் கழுவினார். பழைய இடத்திற் செம்மை படர்ந்து, சிறிது தடித்திருக்கக் கண்டோம்.

"அம்மான், இதை நீங்கள் ஐயாவுக்குச் சொல்லவில்லையா?"

"சொன்னால் கொழும்புக்கு வரச் சொல்லுவார், தம்பி."

எமக்கு நெஞ்சு பதைத்தது. எதனைப் புகழ்ந்தாரோ, அதனை இழந்துவிடுவோமென்ற அச்சமே அவர் வாயை அடைத்திருந்தது. தொலைபேசி சொல்லைக் கேட்கும். சொல்லாததை அது காணாது.

அடுத்த அழைப்பில் நாமே உண்மையை உரைத்தோம். நிபுணர் கடிந்துகொள்ளவில்லை. அண்மையிலுள்ள கண் வைத்தியருக்கு எழுதினார். அவர் ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியாற் பரிசோதித்து, படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். நோய் மீண்டிருந்தது, ஆயின் சிறிதளவே. சொட்டு மருந்தினால் அது கரைந்தது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களிற் சிறு கண் நிலையங்களை அமைத்து இம்முறையையே கையாளுகின்றது. அங்கே பயிற்சி பெற்றவர் கருவியாற் கண்ணைப் பார்க்கிறார். தூரத்திலிருக்கும் வைத்தியர் காணொளி வழியே நோயாளியோடு பேசுகிறார். தொலைவிலிருந்து பேசுவோர் ஒருவராயினும், அருகிருந்து பார்ப்போர் ஒருவர் வேண்டுமன்றோ?

ஆகவே, "திருப்தியா?" என்று கேட்பது போதாது, "எதையேனும் சொல்லாது விட்டீரா?" என்றும் கேட்டல் வேண்டும். அம்மானின் புகழுரை இன்றும் குறையவில்லை. ஆயின் நிபுணரின் அழைப்பு வரும் நாளில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எமது கையிற் தந்துவிட்டே அவர் பேசத் தொடங்குகிறார்.