உறையாத ஏரியும் ஒரு பழைய குறிப்பேடும்

ஏரியில் மீன் பிடிக்க என்னென்ன வேண்டும்? படகு, தூண்டில், கொஞ்சம் பொறுமை என்று பட்டியல் போடுவீர்கள். ஜப்பானில் உள்ள சுவா ஏரியில் கொஞ்ச காலம் முன்பு வரை பட்டியலின் முதல் பொருளே வேறு. அங்கே குளிர்காலத்தில் மீன் பிடிக்க முதலில் தேவைப்பட்டது ரம்பம்! ஏரி முழுக்க உறைந்து கிடக்கும். மேலே நடந்துபோய், பனிக்கட்டியை அறுத்து ஓட்டை போட்டு, அதற்குள் தூண்டிலை இறக்குவார்கள்.

இன்று அதே ஏரியில் குளிர்காலம் முழுக்கப் படகு நிற்கிறது. "இதில் என்ன பெரிய விஷயம், படகில் போவது நல்ல வசதிதானே" என்று தோன்றலாம். அந்த வசதிக்குப் பின்னால் 580 வருஷக் கதை ஒன்று இருக்கிறது.

எங்கே இருக்கிறது இந்த ஏரி?

ஜப்பானின் நடுப்பகுதியில், மலைகள் சூழ்ந்த நாகானோ மாகாணத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரம். சுற்றளவு சுமார் 16 கிலோமீட்டர். 30க்கும் மேற்பட்ட சிற்றாறுகள் வந்து சேர்கின்றன, ஆனால் வெளியே போவது டென்ரியூ என்ற ஒரே ஒரு ஆறுதான். கரையில் வெந்நீர் ஊற்றுகளும் உண்டு.

இந்த ஏரியின் ஆழம்தான் முக்கியம். மிக ஆழமான இடத்திலேயே சுமார் 7 மீட்டர்தான். பெரிய அண்டாவில் உள்ள வெந்நீரை விடத் தட்டில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரம் ஆறுவது மாதிரி, ஆழம் குறைந்த ஏரி குளிருக்குச் சீக்கிரம் பணிந்துவிடும். மலை மேல் இருப்பதால் குளிரும் கடுமை. அதனால்தான் ஒரு காலத்தில் இது தவறாமல் உறைந்தது.

ஐப்பசி முதல் மாசி வரை

இந்த ஏரியின் நாயகன் வக்காசாகி என்ற சின்ன மீன். நீளம் விரல் அளவுதான். வெள்ளி நிறம், ஒல்லி உடம்பு. பெரும்பாலானவை ஒரே வருஷம்தான் உயிர் வாழும். வசந்த காலம் வரும்போது ஆறுகளுக்குள் ஏறி முட்டையிட்டுவிட்டு, அதோடு கணக்கை முடித்துக்கொள்ளும். இன்னொரு விஷயம், இது இந்த ஏரியின் சொந்த மீனே இல்லை. 1910களின் நடுவில் காசுமிகாவுரா என்ற வேறொரு ஏரியிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த மீன் நன்றாகவே ஊன்றிக்கொண்டது. பின்னாளில் ஜப்பானின் மற்ற ஏரிகளுக்கெல்லாம் வக்காசாகி முட்டை அனுப்பும் இடமாகவே சுவா மாறிவிட்டது.

இலைகள் சிவந்து உதிரும் அக்டோபர், நவம்பர் வாக்கில் தூண்டில்காரர்கள் வர ஆரம்பிக்கிறார்கள். கரையிலிருந்து சின்னப் படகு ஏரிக்குள் கூட்டிப்போகும். அங்கே நங்கூரம் போட்டு நிற்கிறது கூண்டுப் படகு. தட்டையான படகின் மேல் வளைந்த கூரை போட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்திருப்பார்கள். பார்த்தால் நாற்றுப் பண்ணைக் கூடாரம் ஒன்று மிதப்பது போல இருக்கும். உள்ளே அடுப்பு எரியும். ஓரமாகப் பெஞ்சு. தரையில் நீளமாகத் திறப்பு, அதன் வழியே ஏரித் தண்ணீர் தெரியும். வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலும் உள்ளே ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு மீன் பிடிக்கலாம். குழந்தைகள், தாத்தா பாட்டி எல்லாரும் வரலாம்.

தூண்டில் ஒரு முழ நீளம் இருந்தாலே போதும். ஒரே நரம்பில் வரிசையாக ஐந்தாறு குட்டி முட்கள், முள் முனையில் ஈப்புழு இரை. சிவப்புச் சாயம் ஏற்றிய புழுவும் கிடைக்கும். மீன் சின்னது என்பதால் அது கடிப்பதும் சின்னதாகத்தான் தெரியும். தூண்டில் நுனி லேசாக நடுங்கும், அவ்வளவுதான். அந்த நடுக்கத்தைக் கவனிக்காவிட்டால் புழு போனதுதான் மிச்சம் :-)

பிடித்ததை மாவில் தோய்த்துப் பொரித்து முள்ளோடு அப்படியே சாப்பிடுவார்கள். சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி வைப்பதும் உண்டு.

அந்தக் காலத்து மீன்பிடி

வக்காசாகி வருவதற்கு முன்பும் இங்கே குளிர்கால மீன்பிடி இருந்தது. அதில் இரண்டு முறைகள் சுவாரசியமானவை.

ஒன்று, கல் குவித்தல். ஏரியின் அடியில் கற்களை அடுக்கிக் குவித்து வைப்பார்கள். தண்ணீர் குளிரக் குளிர மீன்கள் அந்தக் கல் இடுக்குகளில் போய் ஒடுங்கிக்கொள்ளும். ஏரி உறைந்ததும் அந்த இடத்தில் பனியை வெட்டித் திறந்து, குவியலைச் சுற்றித் தட்டி கட்டிவிடுவார்கள். பிறகு கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால் உள்ளே இருக்கும் மீன்களுக்குப் போக்கிடம் இல்லை. மீனுக்கு வீடு கட்டிக் கொடுத்துப் பிடிக்கிற வித்தை!

இரண்டாவது, பனிக்கு அடியில் வலை இழுப்பது. வரிசையாக ஓட்டை போட்டு, கழியின் உதவியோடு கயிற்றை ஓட்டைக்கு ஓட்டை கடத்தி, பெரிய வலையைப் பனிக்கு அடியிலேயே விரித்து இழுப்பார்கள். பனிப்பாளத்தின் மேல் பலர் நின்று இழுக்க வேண்டிய வேலை இது.

இந்த இரண்டுக்கும், ரம்பம் கொண்டு ஓட்டை போட்ட தூண்டிலுக்கும் தேவை ஒன்றே ஒன்றுதான். காலுக்குக் கீழே கெட்டியான பனி.

கடவுள் நடந்த தடம்

ஏரி நன்றாக உறைந்த வருஷங்களில் இன்னொரு அதிசயமும் நடக்கும். ராத்திரி குளிர் ஏறும்போது பனிப்பாளம் சுருங்கி விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் ஏறி அதுவும் உறைந்துவிடும். பகலில் வெயில் பட்டதும் பாளம் விரியும். விரிய இடம் இல்லாததால் விரிசல் இருந்த இடத்தில் பனி நொறுங்கி மேலே எழும்பும். இப்படித் தினமும் நடந்தால் ஏரியின் குறுக்கே வயல் வரப்பு மாதிரி ஒரு பனி வரப்பு உருவாகிவிடும். அது எழும்பும்போது இடி இடிப்பது போலச் சத்தமும் வரும்.

இதற்கு ஓமிவதாரி என்று பெயர். "கடவுள் கடந்து போன தடம்" என்று பொருள் சொல்லலாம். தென்கரை ஆலயத்தில் இருக்கும் ஆண் தெய்வம், எதிர்க்கரை ஆலயத்தில் இருக்கும் தன் மனைவியைப் பார்க்க ராத்திரியில் ஏரியைக் கடந்து போகிறார், அவர் நடந்த வழிதான் அந்த வரப்பு என்பது ஐதீகம். (காதலுக்குக் கண் இல்லை என்பார்கள், குளிரும் உறைக்காது போலும்!)

அந்த வரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வைத்து அந்த வருஷத்து விளைச்சலையும் நாட்டு நடப்பையும் கணித்தார்கள். அதனால் வருஷா வருஷம் அதை எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் 1443ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு 49 வருஷம் முன்பு!

எழுதியவர்களுக்கு விஞ்ஞானம் நோக்கமில்லை, பக்திதான். ஆனால் விஞ்ஞானிகளுக்கு இது ஒரு புதையல். வெப்பமானி புழக்கத்துக்கு வராத காலத்திலிருந்து ஒரே இடத்தின் குளிரைப் பற்றி இத்தனை நீளமான பதிவு உலகத்தில் மிக அபூர்வம்.

குறிப்பேடு சொல்லும் கணக்கு

சப்னா சர்மா, ஜான் மாக்னுசன் ஆகியோர் அடங்கிய ஆய்வுக்குழு 2016இல் இந்தப் பதிவுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டது. கூடவே ஃபின்லாந்தில் டோர்னே ஆற்றில் பனி உடையும் நாளைப் பற்றி 1693 முதல் இருக்கும் பதிவையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் உலகின் வெவ்வேறு மூலைகள். இரண்டிலும் தொழிற்புரட்சிக்குப் பிறகு மாற்றம் வேகமெடுத்திருப்பது தெரிந்தது.

சுவா ஏரியின் எண்களைப் பாருங்கள். பதிவின் முதல் 250 வருஷங்களில் ஏரி உறையாமல் போனது மூன்றே முறை. 1955 முதல் 2004 வரையிலான 50 வருஷங்களில் 12 முறை. 2005 முதல் 2014 வரையிலான பத்தே வருஷங்களில் 5 முறை.

ஓமிவதாரி கடைசியாகத் தோன்றியது 2018 குளிர்காலத்தில். அடுத்த வருஷமும் வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. 2025 வரை தொடர்ந்து ஏழு குளிர்காலங்கள் வரவே இல்லை.

படகுக்கு நல்லது, மீனுக்கு?

ஏரி உறையாவிட்டால் படகு ஓடும், கூண்டுப் படகில் கூட்டம் வரும். வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். சொல்லப்போனால் பாதி உறைந்த மெல்லிய பனிதான் பெரிய தொல்லை. நடந்தால் உடையும், படகு போனால் தடுக்கும். அதற்கு முழுக்க உறையாமல் இருப்பதே மேல் என்று படகுக்காரர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மீனின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பனி என்பது மீனுக்குக் கூரை. பனிப்பாளத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் உறையாது. 4 டிகிரி வெப்பத்தில்தான் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம், அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும். மேலே கூரை, கீழே 4 டிகிரி அறை. வக்காசாகிக்கு அது போதும்.

கூரை இல்லாமல் போனால் மீன்கொத்தி வாத்துகளுக்குக் கொண்டாட்டம். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வரும் இந்த வாத்துகள் முங்கி முங்கி வக்காசாகியைத் தின்கின்றன. முன்பு பனி அவற்றைத் தடுத்தது. இப்போது மீனவர்கள் படகில் போய் விரட்ட வேண்டியிருக்கிறது. வசந்தத்தில் முட்டையிட வேண்டிய தாய் மீன்கள் குளிர்காலத்திலேயே குறைந்தால் அடுத்த வருஷத்துக்கு முட்டை ஏது? ஒரே வருஷம் வாழும் மீனுக்கு ஒரு வருஷம் தவறினாலும் பெரிய அடிதான்.

கோடையிலும் பிரச்சினை இருக்கிறது. 2016 ஜூலையில் இந்த ஏரியில் வக்காசாகி கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தது. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்ததுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. கோடையில் மேல் தண்ணீர் சூடாகி, அடித் தண்ணீரோடு கலக்காமல் நின்றுவிட்டால் அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். பிழைத்த மீன்களை வைத்துத்தான் மறுபடி பெருக்க வேண்டியிருந்தது.

எனவே படகு நிற்காமல் ஓடுவதை மட்டும் பார்த்து ஏரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

வராததையும் எழுது

இந்தக் கதையில் மிகப் பெரிய விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஓமிவதாரி வராத வருஷங்களில் என்ன செய்கிறார்கள்?

கரையில் இருக்கும் யாட்சுருகி ஆலயத்தின் பூசாரியும் ஊர்க்காரர்களும் ஜனவரி முதல் வாரம் தொடங்கி பிப்ரவரி 4 வாக்கில் வரை, ஏறக்குறைய ஒரு மாதம், தினமும் விடியற்காலையில் ஏரிக்கரைக்கு வருகிறார்கள். காற்றின் வெப்பத்தை அளக்கிறார்கள். தண்ணீரின் வெப்பத்தை அளக்கிறார்கள். மெல்லிய பனி இருந்தால் உடைத்துத் தடிமனைப் பார்க்கிறார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் அதையும் குறித்துக்கொள்கிறார்கள். மாதம் முடிந்ததும், வரப்பு தோன்றவில்லை என்றால் "திறந்த கடல்" என்று அறிவித்துவிடுகிறார்கள். உறையாமல் திறந்தே கிடந்த ஏரி என்று அர்த்தம். அதுவும் பதிவில் ஏறுகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வராது என்று கிட்டத்தட்டத் தெரிந்த ஒன்றுக்காக, கடும் குளிரில், விடியுமுன் எழுந்து போவதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும்! "இந்த வருஷமும் இல்லை, போய் என்ன ஆகப்போகிறது" என்று ஒரு தலைமுறை விட்டிருந்தால் போதும், சங்கிலி அறுந்திருக்கும். 250 வருஷத்தில் 3 முறை என்ற கணக்கு இன்று நமக்குக் கிடைத்ததே, அந்த 3 முறையும் யாரோ ஒருவர் "இல்லை" என்று எழுதி வைத்ததால்தான்.

நல்லது நடந்தால் எழுதி வைக்க ஆள் நிறைய உண்டு. நடக்காமல் போனதை எழுதி வைப்பவர்கள் குறைவு. மழை பெய்யாத வருஷம், பறவை வராத வருஷம், மீன் கிடைக்காத வருஷம் எல்லாம் பேச்சில் புலம்பலாக வந்து அப்படியே மறைந்துவிடும். அடுத்த தலைமுறைக்கு அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று தோன்றும். சுவா ஏரியில் கூண்டுப் படகில் உட்கார்ந்து முதல் வக்காசாகியைப் பிடிக்கும் சிறுவனுக்கும் குளிர்காலம் என்றால் படகுதான் என்று தோன்றலாம். அது தப்பில்லை, அவன் பார்த்தது அதுதான். ஆனால் அவன் தாத்தா அதே இடத்தில் நடந்துபோனார் என்பதற்கு அந்த ஊரில் எழுத்துச் சாட்சி இருக்கிறது. ஏரி மறுபடி உறைகிறதோ இல்லையோ, அடுத்த ஜனவரியிலும் விடியற்காலையில் யாராவது வெப்பமானியோடு கரைக்கு வந்து நிற்பார்கள் என்று நம்பலாம்.