மவ்த்தானவரின் வங்கிக் கணக்கு யாருக்குச் சொந்தம்?

ஒரு வீட்டில் மவ்த்து நிகழ்ந்துவிட்டால் நம் ஜமாஅத்தில் ஒவ்வொரு பணிக்கும் ஆள் இருக்கிறார்கள். மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர், கபன் துணி வெட்டத் தெரிந்தவர், கபுர் வெட்டும் இளைஞர்கள், சந்தூக்கைச் சுமக்க முன்வரும் தோள்கள் என எல்லாம் தாமாகவே நடந்தேறிவிடுகின்றன. மறைந்தவரின் அலமாரியில் கிடக்கும் பாஸ் புத்தகம், வைப்புச் சீட்டு, ஏ.டி.எம். அட்டை, கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை ஆகியவற்றை எடுத்து முறையாகக் கணக்குத் தீர்க்கும் பணிக்கு மட்டும் ஆள் இல்லை. அப்பணி பெரும்பாலும், அந்த வீட்டில் யாருக்கு ரகசிய எண் தெரியுமோ அவர் கையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வாசக நேயர்களே! 2024 செப்டம்பரில் என் தங்கையின் கணவர் தமது 47ஆம் வயதில் இறையடி சேர்ந்தபோது இப்பணி என்னிடம் வந்தது. விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் சந்திப்பும் பழமலைநாதர் கோயிலும் நினைவுக்கு வரும். உள்ளூரில் எங்களுக்குச் சோறு போடுவது பீங்கான். மச்சானும் இங்குள்ள தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியர் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். காலையில் அச்சில் மண் வார்த்து, இரவில் சூளைக்குக் காவல் இருந்து, கிடைத்ததைச் சிக்கனமாகச் சேர்த்தவர். அவர் விட்டுச் சென்றவை ஒரு சேமிப்புக் கணக்கில் 1,12,000 ரூபாயும், வேறொரு வங்கியில் நிரந்தர வைப்பாக 4,50,000 ரூபாயும், ஒரு கடன் அட்டையும், களிமண் லாரிக்காரருக்கு 18,000 ரூபாய் பாக்கி என்று அவர் கைப்பட எழுதிய ஒரு குறிப்பேடும் ஆகும். பின்னால் இருந்தோர் அவருடைய தாயார், என் தங்கை, ஒரு மகன், இரண்டு மகள்கள்.

அடக்கம் முடிந்த மறுநாளே ஓர் உறவினர் என்னைத் தனியே அழைத்தார். "வங்கிக்குத் தெரிந்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள். அதற்கு முன்பே அட்டையைப் போட்டுப் பணம் முழுவதையும் எடுத்துவிடுங்கள்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்லர். இந்த யோசனையைச் சொல்லாத மையித்து வீடு இன்று அரிதாகவே இருக்கும். ஆயினும் கணக்காளரின் உயிர் பிரிந்ததுமே அந்த அட்டைக்கும் ரகசிய எண்ணுக்கும் இருந்த அனுமதி முடிந்துவிடுகிறது. கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் வசதிக்கும் இதுவே சட்டம். வங்கியை ஏமாற்றுவது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பணம் அப்பொழுதே வேறு பலருக்கு உரியதாகிவிட்டது என்பதுதான் பெரிய விஷயம். எட்டு வயது மகளுக்கு அதில் பங்கு இருக்கலாம், எழுபது வயதுத் தாய்க்கும் இருக்கலாம். அவர்களைக் கேளாமல் எடுக்கும் ஒவ்வொரு நோட்டும் பிறர் பொருளே. நான் அட்டையை உறையிலிட்டு ஒட்டி, மாமியாரிடம், அதாவது மச்சானின் தாயாரிடம், கொடுத்துவிட்டேன்.

பங்கு என்ற பேச்சே இரண்டாவதுதான். சூரத்துன்னிஸாவின் 11, 12ஆம் வசனங்களில் வாரிசுகளின் பங்குகளைக் கூறும் இறைவன், அவை மரண சாசனத்தையும் கடனையும் நிறைவேற்றிய பின்னரே என்று நான்கு முறை நினைவூட்டுகிறான். கடன் வைத்து இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின் தொழுவித்ததும் நாம் பயான்களில் பலமுறை கேட்டவை. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கடன்காரர் வாசலுக்கு வரும்வரை காத்திருப்பதும் நம்மில் உண்டு. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வசிய்யத்து, அதன் பிறகே வாரிசுப் பங்கு என்பது வரிசை. நிக்காஹ் தஃப்தரையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மஹர் கொடுபடாமல் நின்றிருந்தால் அதுவும் கடன், மனைவிக்குச் சேர வேண்டிய கடன். என் தங்கைக்கு மஹர் நிக்காஹ் அன்றே கொடுக்கப்பட்டிருந்தது.

கடன் அட்டை விவகாரம் எங்களைச் சற்று அலைக்கழித்தது. மச்சான் அதைக் கொண்டு பட்டறைக்குச் சாமான்கள் வாங்கியிருந்தார், பாக்கி 64,000 ரூபாய். இத்தகைய அட்டைகளில் தவணை தவறினால் வட்டி மாதத்திற்கு 3 சதவீதத்துக்கு மேல் ஓடும். அட்டைக்காரர் மவ்த்தானது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. நாம் தெரிவிக்காத நாளெல்லாம் வட்டியும் தாமதக் கட்டணமும் மையித்தின் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அதன் நகலை இணைத்து, அட்டையை நிறுத்துமாறும், இறந்த தேதி வரையிலான பாக்கியை மட்டும் கணக்கிட்டுத் தருமாறும், பின்னர் ஏறியதைத் தள்ளுபடி செய்யுமாறும் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன்.

பதில் வருவதற்கு முன் வசூல் ஆட்களின் தொலைபேசி வந்தது. இத்தாவில் இருந்த என் தங்கையிடம், "நீங்கள்தான் கட்ட வேண்டும், இல்லையேல் உங்கள் மகன் மீது வழக்கு வரும்" என்றார்கள். எங்கள் ஊர்ப் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை பயந்துபோய், படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று நின்றான்.

சகோதரிகளே, இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஜாமீன் கையெழுத்து இடாத மனைவியோ பிள்ளையோ மறைந்தவரின் அட்டைக் கடனைத் தம் சொந்தக் கையிலிருந்து கட்டச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அவர் விட்டுச் சென்ற சொத்து வாரிசிடம் எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்கே வாரிசு பொறுப்பு என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வசூலுக்காகத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, குடும்பத்தாரை மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் மீண்டும் அறிவுறுத்தியிருக்கிறது. எங்களைப் பொறுத்தவரை சொத்து இருந்தது, ஆகவே கடனைக் கட்டுவதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் மச்சானின் பணத்திலிருந்து, மச்சானின் கணக்கில்தான் கட்டுவோம் என்று எழுத்தில் சொன்னேன். இரண்டாவது கடிதத்துக்குப் பின் அவர்கள் 64,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டனர். கட்டி முடித்ததும் 'பாக்கி இல்லை' என்ற சான்றைக் கேட்டு வாங்கினோம். முழுப் பாக்கியும் கட்டப்பட்ட பின் அட்டையை மூடக் கோரினால் 7 வேலை நாள்களுக்குள் மூடியாக வேண்டும் என்பது விதி. மறைந்தவரின் பெயரில் குடும்பத்தார் வைத்திருக்கும் கூடுதல் அட்டைகளையும் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

இனி நாமினி விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் சகோதரர்களைப் பிரிப்பதில் மண்ணுக்கு அடுத்தபடி நிற்பது இதுதான் என்பேன். மச்சான் அந்த வைப்புக் கணக்கைத் தொடங்கிய காலத்தில் அவருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. ஆகவே தம் தம்பியை நாமினியாக எழுதியிருந்தார், பிறகு மாற்றவே இல்லை. தம்பி விசாரிக்கச் சென்றபோது அங்கிருந்த ஊழியர் ஒருவர், "நீங்கள்தானே நாமினி? பணம் உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாதியில் நின்ற வீட்டைக் கட்டி முடிக்கும் கவலையில் இருந்த அவருக்கு அந்தச் சொல் இனித்திருக்கும். அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. படித்தவர்களே அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவர், அவ்வளவே. அவரிடம் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு தீர்கிறது. வாரிசுகளின் உரிமை தீர்வதில்லை. வங்கி வைப்பு பற்றிய ஒரு வழக்கில் 2010ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகக் கூறிவிட்டது. நம் ஷரீஅத்தின்படி, மகன் உயிரோடிருக்கையில் சகோதரருக்குப் பங்கே இல்லை. நாமினிப் படிவம் வசிய்யத்தும் அன்று. இவற்றையெல்லாம் நான் எடுத்துரைத்தபோது தம்பி நெடுநேரம் பேசாதிருந்தார். அவருடைய தாயார்தான் திரைக்குப் பின்னாலிருந்து, "உன் அண்ணன் உன்னை நம்பி எழுதினான் வாப்பா, உனக்கென்று எழுதவில்லை" என்றார். மறுவாரம் தம்பி வங்கிக்குச் சென்று நாமினி என்ற முறையில் கையெழுத்திட்டுப் பணத்தைப் பெற்று, ஒரு ரூபாயும் குறையாமல் கொண்டுவந்து சேர்த்தார். அந்த வீட்டின் வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக!

வைப்பில் சேர்ந்திருந்த வட்டியை என்ன செய்வதென்று இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டோம். நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார், அவ்வாறே செய்தோம். நான் இங்கே கூறும் தொகைகள் அது நீங்கலானவை.

சேமிப்புக் கணக்கில் நாமினி இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்றுக் கொடுத்தோம். அதில் வாரிசுகளின் பெயர்கள் இருக்குமேயன்றிப் பங்குகள் இரா. பங்கைப் பிரிப்பது நம் கடமை. அப்போது வங்கியில் ஒரு படிவம் தந்தார்கள். மகன் ஒருவரே பணத்தைப் பெற்றுக்கொள்வதில் மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபம் இல்லை, தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்ற வாசகத்தின் கீழ் தாய், மனைவி, மகள்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். நேயர்களே, நம் பெண்மக்கள் பங்கை இழக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். "வெறும் சம்பிரதாயம், போடு" என்பார்கள், பெண் போட்டுவிடுவாள். சில ஆண்டுகள் கழித்துக் கேட்டால், "நீதான் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாயே" என்பார்கள். வாரிசுகள் எல்லோரும் கூட்டாகவே கோரலாமா என்று வங்கியில் கேட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். அதற்கும் வழியில்லை என்றால், பணம் பெறுவதற்கு மட்டுமே இக்கையெழுத்து, பங்கு விடப்படவில்லை என்று தனியாக ஒரு தாளில் எழுதி அனைவரும் ஒப்பமிட்டு ஜமாஅத்தில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். தங்கை இத்தாவில் இருந்ததால் வங்கி அலுவலர் ஒருவர் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிச் சென்றார். அத்தகைய உதவி கிட்டாத சகோதரிகள், தேவைக்காகப் பகலில் வெளியே சென்று வர இடமுண்டு என்றே ஆலிம்கள் கூறுகின்றனர்.

ஆக 5,62,000 ரூபாயில் அட்டைக்கும் மண்காரருக்கும் போக 4,80,000 ரூபாய் எஞ்சியது. அடக்கச் செலவை வீட்டில் இருந்த ரொக்கத்தில் முன்பே முடித்திருந்தோம். வசிய்யத்து எதுவும் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்றாக 60,000, தாய்க்கு ஆறில் ஒன்றாக 80,000, மீதியில் மகனுக்கு 1,70,000, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 85,000 என்று ஹஜ்ரத் கணக்கிட்டுத் தந்தார். மணமாகிச் சென்ற மூத்தவள், "எனக்கும் உண்டா மாமு?" என்று கேட்டாள். உண்டா என்று ஒரு மகள் கேட்கும்படி நாம் வைத்திருக்கிறோமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

எங்களுக்கு ஆன காலதாமதம் உங்களுக்கு ஆக வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று ரிசர்வ் வங்கி இதற்கென்றே விதிகளை வெளியிட்டு, அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர 2026 மார்ச் 31ஆம் தேதியை வங்கிகளுக்குக் கெடுவாக வைத்தது. ஆவணங்கள் அனைத்தும் தந்த 15 நாள்களுக்குள் வங்கி கோரிக்கையைத் தீர்க்க வேண்டும். நாமினி இல்லாத கணக்காயினும் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, எளிய ஆவணங்களே போதும், நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. வாரிசுகளுக்குள் வழக்கு இருந்தால் அது வேறு. நிரந்தர வைப்பை இதற்காக முன்கூட்டியே முடித்தால் அபராதம் பிடிக்கக் கூடாது. எழுதிக் கொடுத்து 30 நாள்களாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், தகவலுக்கு 14448 என்ற எண் உண்டு.

பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பொறுமையாகப் படியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் அல்லது 20 ரூபாய் கழிந்திருந்தால் அது மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டச் சந்தா. முன்னதில் எம்மரணத்துக்கும், பின்னதில் விபத்து மரணத்துக்கும் 2 லட்சம் ரூபாய் வரும். காப்பீடு பற்றிய மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தாவோ நன்னாவோ எந்தெந்த வங்கியில் போட்டு வைத்தார் என்றே தெரியாத வீடுகளும் உள்ளன. 10 ஆண்டுகள் கோரப்படாத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றுவிடும், ஆனால் அழிந்துவிடாது. 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'உத்கம்' என்ற இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். கிடைத்தால் அந்தந்த வங்கியிலேயே கேட்டுப் பெறலாம்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினியாக எழுதலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதையும் குறிக்கலாம். கூட்டினால் 100 வர வேண்டும். தன் பங்குப் பணத்தைப் போட்டு வைத்த கணக்கில் என் தங்கை மூன்று பிள்ளைகளையும் எழுதியிருக்கிறார். மகனுக்கு 50, மகள்களுக்கு 25, 25.