ரப்பர் குழாய்களின் தர்க்கம்

சனிக்கிழமை காலை

நின்ற இடத்தில் ஓடும்போது நடுங்குவதும், சிக்னலில் காத்திருக்கையில் அணைந்துபோவதும், நெடுஞ்சாலையில் ஏறியவுடன் யாதொரு குறையும் அறியாததுபோல் பாய்வதுமாக இருக்கிற இந்த 1984-ஆம் வருஷத்து டொயோட்டா பிக்கப்பின் வியாதி, பெட்ரோலிலோ பிளக்கிலோ இல்லை, கார்புரேட்டரைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் வாக்குவம் குழாய்களில்தான் இருக்க வேண்டும் என்று நான் சந்தேகிப்பதற்குக் காரணம் உண்டு. ஐடிலிங்கில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்க, கீழிறங்கும் பிஸ்டன்கள் மேனிஃபோல்டுக்குள் அழுத்தத்தை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. அச்சமயம் ஏதேனும் ஒரு குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும், வெளிக்காற்று அதன் வழியே கணக்கில் சேராமல் புகுந்து, பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடை விகிதத்தைக் குலைத்துவிடுகிறது. த்ராட்டில் அகலத் திறந்தாலோ உள்ளே வெற்றிடம் அதிகம் இராது. திருட்டுத்தனமாக நுழையும் காற்றும், நேர்வழியில் வரும் வெள்ளத்தின் முன் அற்பமாகிவிடும்.

வெற்றிட மானியை மேனிஃபோல்டில் இணைத்தேன். கடல்மட்டத்தை ஒட்டியிருக்கும் கலிபோர்னியாவின் இந்தச் சாக்ரமென்டோ சமவெளியில், சூடேறிய, ஆரோக்கியமான என்ஜின் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்ட வேண்டும். ஆயிரம் அடி மேலே ஏறினால் ஓர் அங்குலம் குறையும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. முள் 14-இல் அசையாமல் நின்றது. அசையாமல் நின்றதுதான் முக்கியம். வால்வு எரிந்திருந்தால் அது தாளம் தவறாமல் துடித்து விழுந்திருக்கும். தாழ்வாகவும் நிலையாகவும் நின்றால், ஒன்று இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கும், இல்லையேல் எங்கோ காற்று புகும். டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்ததில் அதில் பிசகில்லை.

அன்று மாலை

பானட்டைத் திறந்து இந்தக் குழாய்க் காட்டைப் பார்ப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது வசைதான். என் அபிப்பிராயம் வேறு; இக்குழாய்கள் வந்ததற்கு ஒரு நியாயம் உண்டு. 1950-களின் தொடக்கத்தில், கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன அறிஞர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரவாசிகளின் கண்களை எரித்த புகைமூட்டமானது, வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் வினைபுரிவதனால் உண்டாவது என்று காட்டினார். பின்னர் 1970-இல் வந்த அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், அந்தப் புகையைக் குறைக்கும் பொறுப்பை வாகனம் செய்வோர் தலையில் ஏற்றியது. கம்ப்யூட்டர் பிக்கப் லாரிக்குள் பரவலாக வந்து சேராத அந்நாளில், என்ஜின் குளிர்ந்திருக்கிறதா சூடாயிருக்கிறதா, பாரம் இழுக்கிறதா சும்மா நிற்கிறதா என்பதையெல்லாம் அறிந்து தீர்ப்புச் சொல்லும் உத்தியோகத்தை எஞ்சினியர்கள் காற்றழுத்தத்தினிடமே ஒப்படைத்தார்கள்.

அவர்கள் செய்த யுக்தியைப் பாருங்கள். த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே துளைத்த சிறு துவாரத்தில் ஐடிலிங்கின்போது வெற்றிடமே கிடையாது. பெடலை லேசாக மிதித்துத் தகடு அந்தத் துவாரத்தைக் கடந்தவுடன் அங்கே வெற்றிடம் பிறக்கிறது. ஆகவே அத்துவாரத்தோடு இணைந்த குழாய், 'ஓட்டுநர் பெடலை மிதித்துவிட்டார்' என்ற செய்தியைச் சுமந்து போகிறது. வழியில், ரேடியேட்டர் நீரின் சூட்டை உணரும் இருலோக வால்வு ஒன்று குறுக்கே நின்று, என்ஜின் குளிர்ந்திருக்கும் வரை அச்செய்தியை மறித்து வைக்கிறது. இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினாலொழிய, எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தி எரிப்பின் உஷ்ணத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் ஈ.ஜி.ஆர். வால்வு திறவாது. மின்சாரம் ஒரு துளியும் இல்லாமல் நடக்கிற தர்க்கம் இது! இதை வெட்டியெறிந்துவிட்டு, 'எளிமையாக்கிவிட்டேன்' என்று மார்தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமே உண்டாகிறது.

ஞாயிற்றுக்கிழமை

ஒரு முழம் ரப்பர் குழாயை எடுத்து, ஒரு நுனியைக் காதில் வைத்து மறு நுனியை இணைப்புகளின் அருகே கொண்டுபோவது, வைத்தியர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பதைப் போன்ற காரியம். ஃபேன் சத்தத்தினூடேயும் சீறும் இடம் அகப்பட்டுவிடும். சந்தேகம் தோன்றும் குழாயை மழுங்கிய வாயுள்ள குறட்டால் அழுத்தினால், என்ஜினின் ஓட்டம் நேராகிறதா என்பதும் தெரியும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தைப் பீச்சி, ஓட்டம் மாறுகிறதா என்று கவனிப்பது பலருடைய வழக்கம். சுடும் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருக்க அதைச் செய்யும் துணிச்சல் எனக்கில்லை. சோப்பு நீரே போதும்; கசிவுள்ள இடத்தில் அது உள்ளே இழுக்கப்படுவதைக் கண்ணாலேயே காணலாம்.

பிரேக் பூஸ்டரின் தடித்த குழாயை முதலில் பார்த்தேன். அது கசிந்திருந்தால் பெடல் கல்லாக இறுகியிருக்கும். குற்றமில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாயோ வளைவின் அடிப்புறத்தில், மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி, விரல் நக நீளத்துக்குப் பிளந்திருந்தது; வேறு சிலவற்றின் நுனிகள் காய்ந்து அகன்று, பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. ஈ.ஜி.ஆர். குழாயைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து ஒரு எஃகுக் குண்டு உருண்டு விழுந்தது. வண்டி வேறு மாநிலத்தில் ஓடிய காலத்தில் யாரோ அதை உள்ளே திணித்து, குழாயைப் பழையபடி மாட்டி, எல்லாம் ஒழுங்காயிருப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கியிருக்கிறார். 1976 முதற்கொண்டு வந்த பெட்ரோல் வண்டிகளை ஈராண்டுக்கொரு முறை புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய கலிபோர்னியாவில், பார்வைப் பரிசோதனையை அந்தத் தந்திரம் ஏமாற்றலாம். புகைக்குழாயில் செருகும் கருவியை ஏமாற்றாது.

அடுத்த சனி

மாற்றும் வேலையில் புத்தி குறைவாகவும் பொறுமை மிகுதியாகவும் வேண்டியிருக்கிறது. பானட்டின் உட்புறம் ஒட்டிய வரைபடத்தைத் துணையாக வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றினால் அதே ஸ்தானத்தில் புதியதை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பழையதைப் பிடித்து இழுக்கலாகாது. முதுமையடைந்த பிளாஸ்டிக் முனை அதனோடு ஒடிந்து வந்துவிடும். நீளவாக்கில் பிளேடால் மெல்லக் கீறிவிட்டால் தோல்போல் உரிந்துவிடுகிறது. கழற்றிய குழாயை எறியுமுன் நுனியிலிருந்து நுனிவரை விரலால் நசுக்கிப் பார்ப்பது உத்தமம்; சிலவற்றுக்குள், காற்றின் வேகத்தை அளவாக்குவதற்கென்று ஊசித்துளையுள்ள சிறு அடைப்பு இருக்கும், அதைப் புதியதற்கு மாற்றாவிட்டால் வால்வுகள் காலந்தவறி வேலைசெய்யும். ஒருவழி வால்வுகளைத் திசைமாற்றி மாட்டுவதும் அவ்வளவே தீங்கானது.

கடைக்காரர் நீலநிற சிலிக்கோன் குழாயைப் புகழ்ந்து தள்ளினார். உஷ்ணத்தைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை என்பது மெய். ஆனால் பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் படும் இடத்துக்கு அது உகந்ததல்ல. ஆகவே வெறும் காற்றுக் குழாய்களுக்கு மட்டும் வாங்கினேன்.

டிஸ்ட்ரிபியூட்டரில் வெற்றிடத்தால் இயங்கும் டயாஃப்ரத்தைக் கைப்பம்பினால் சோதித்ததில், இழுத்த வெற்றிடத்தை இறங்கவிடாமல் பிடித்து வைத்தது. மானி இப்போது 19 காட்டுகிறது. வேகமாய்ப் போய்விட்ட ஐடிலிங்கைத் திருகாணியால் குறைத்து ஒழுங்குசெய்தேன். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலத்தின் இரு குழாய்கள் மாத்திரம் பாக்கி. அவற்றுக்குரிய ரகம் செவ்வாயன்று வருமென்கிறார்கள், புகைப் பரிசோதனைக்கு வியாழக்கிழமையைக் கேட்டு வைத்திருக்கிறேன்.