செருப்பில் வெட்டிய டயர்

பேரனின் பொம்மை டிராக்டருக்கு டயர் செய்ய, தேய்ந்த ஹவாய் செருப்பு ஒரு ஜோடி போதும். சக்கரத்தைவிடப் பெரிய மூடியை வைத்து வட்டம் போட்டு, பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அறுத்தால் ரப்பர் சிக்காமல் வெட்டுப்படும். நடு ஓட்டை, சக்கரத்தைவிட ஒரு நூல் குறைவாக இருக்கட்டும். இழுத்து மாட்டினால் கழன்று வராது. அகலம் வேண்டுமா, இரண்டு வட்டங்களைப் பஞ்சர் சொலூஷனில் ஒட்டுங்கள். (பிளேடு பெரியவர்கள் கையில்தான்.)

டிராக்டரில் கல் ஏற்றி ஈர மண்ணில் ஓட்டிப் பார்த்தோம். ஒற்றை டயர் புதைந்தது. இரட்டை டயர் லேசாகத்தான் பதிந்தது. பார்த்துக்கொண்டிருந்த மருமகன், "மாமா, அகல டயர் போட்டா நாளைக்கு நெல் ஏத்த டிரெய்லரை வயலுக்குள்ளேயே இறக்கலாமே?" என்றார்.

அகல டயர் மேல்மண்ணைத்தான் காக்கும். அச்சில் ஏறும் மொத்த எடை அடிமண் வரை இறுக்கும். அடுத்து அவர் போடப்போவது பருத்தி. இறுகிய இடத்தில் ஆணிவேர் முட்டி வளைந்துவிடும். சாதாரண உழவு அந்த ஆழத்துக்கு எட்டாது.

ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டச் சொன்னேன். உதிர்ந்தால் வண்டி இறங்கலாம். திரியாக நீண்டது. மறுநாள் டிரெய்லர் சாலையிலேயே நின்றது. மூட்டைகள் தலைச்சுமையாக வந்தன, கூலி கூடுதல்தான்.