ஈர மருந்து

நனைந்த பொருள் எதுவானாலும் வெயிலில் வை என்பது நம் வீட்டு வைத்தியம். மெத்தைக்கும் புத்தகத்துக்கும் அது பலித்திருக்கிறது. துப்பாக்கிக்கும் பலிக்கும் என்று நினைத்தது என்னுடைய மேதாவிலாசம்.

கொல்லிமலையில் வாசலூர்பட்டி என்றால் எல்லோரும் ஏரியையும் படகையும் நினைப்பார்கள். எனக்கு ஒரு கவுண்டர் வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. அவரிடம் தகப்பனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. பன்றி வந்து பயிரை அழிக்காமலிருக்க வைத்துக்கொள்வது. முறையான உரிமம் உண்டு. அந்த வருஷம் அடைமழையில் கூரை ஒழுகி, துப்பாக்கி பல நாள் ஈரத்தில் கிடந்துவிட்டது. சுத்தியல் துருவேறி அசைய மறுத்தது.

"வெயிலில் வையுங்கள்; மண்ணெண்ணெய் விட்டால் இளகிவிடும்" என்றேன். மண்ணெண்ணெயும் விட்டேன். சுத்தியலைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். அசையவில்லை.

மறுநாள் காலை முற்றத்தில் அவருடைய பேரன், குழலின் வாயில் ஒற்றைக் கண்ணை வைத்து உள்ளே வெளிச்சம் தேடிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். இன்று அந்தச் சிரிப்பை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

"உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"கூடாதுங்க சாமி. உரிமம் இல்லாதவங்க இதுல கை வைக்கக் கூடாது."

அவர் சொன்னது சரி. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பிறருக்குப் பழுது பார்த்துக் கொடுப்பதற்கும் உரிமம் கேட்கிறது. ஆகவே ஒரு வாடகைக் கார் பிடித்துச் சேலத்துக்குப் புறப்பட்டோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குழலின் வாய் என் காதோரமாகவே இருந்தது.

சேலத்துக் கடைக்காரர் எங்கள் கதையைக் கேட்கவே இல்லை. முதலில் ஒரு கம்பியைக் குழலுக்குள் விட்டார். வாயோரத்தில் விரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து அளந்தார். அடிவரை போகவில்லை, நாலு விரற்கடை குறைந்தது.

"மருந்து உள்ளேயே இருக்கு" என்றார். சுத்தியலின் கீழே கேப்பும் இருந்தது. துரு அதைக் கவ்விப் பிடித்திருந்தது.

கவுண்டர் முகம் வெளுத்தது. மழைக்கு முந்தின இரவு பன்றிக்காகக் கெட்டித்ததும், பன்றி வராததும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

வெடியுப்பு, கந்தகம், கரி இம்மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. நனைந்தால் அது செத்துவிடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். சாவதில்லை, தூங்குகிறது. காய்ந்தால் மறுபடி விழித்துக்கொள்ளலாம். அதை எழுப்பத்தான் நான் வெயிலில் வைக்கச் சொன்னேன். எந்தத் துருவைப் போக்க நான் அத்தனை பாடுபட்டேனோ, அந்தத் துருதான் பையனுக்குக் காவல் இருந்திருக்கிறது.

கடைக்காரர் மருந்தை அப்புறப்படுத்திவிட்டு, குழலை வெந்நீரால் கழுவினார். கருமருந்தின் கசடு எண்ணெய்க்கு மசியாதாம், தண்ணீருக்குத்தான் கரையுமாம். பிறகு துடைத்து, எண்ணெய் பூசி, விளக்கு வைத்து உள்ளே பார்த்தார்.

"வெளியே கண்ணாடி மாதிரி ஆக்கித் தரேன். ஆனா உள்ளே குழி குழியா அரிச்சிருக்கு. சுட்டால் குழல் வெடிக்கலாம். சுடலாம்னு நான் சொல்ல மாட்டேன்."

கவுண்டர் வெகுநேரம் பேசவில்லை. "அப்பன் தொட்டதுங்க" என்று மட்டும் சொன்னார். ஊர் திரும்பியதும் காவல் நிலையத்துக்குப் போய்த் துப்பாக்கியையும் உரிமத்தையும் ஒப்படைத்துவிட்டார். இப்போது இரவில் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுகிறார். பன்றிகள் பாதிக்குப் பாதி தின்றுவிடுகின்றன.

நான் விடைபெற்றபோது ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

"நீங்க அன்னைக்கு வெயில்ல வைக்கச் சொன்னது நல்லதாப் போச்சுங்க. இல்லாட்டி இதைக் கீழே கொண்டு போயிருப்போமா?"

அவர் மனசார அப்படி நம்பினாரா, அல்லது எனக்காகச் சொன்னாரா? தெரியவில்லை. பதில் சொல்ல வாய் வராமல் பழத்தை வாங்கிக்கொண்டேன். பேரன் திண்ணையில் நின்று இரண்டு கண்களாலும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.