மாட்டேன் என்றவர்

முஹம்மத் அலியைப் பற்றித் தேடி வாசிக்கும் எவரது கண்ணிலும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் படாமற் போகாது. மேசைக்குப் பின்னால் நால்வர் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பின்னால் இன்னும் சிலர் நிற்கிறார்கள். எம்மவர்கள் அதில் அலியைப் பார்ப்போம். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆன இருபது வயதுக் கூடைப்பந்து வீரரையும் பார்ப்போம். இருவருக்கும் இடையில் இருப்பவரை அநேகர் கவனிப்பதில்லை. அந்தக் கூட்டத்தைக் கூட்டியவரே அவர்தான். பெயர் ஜிம் பிரவுண்.

அவரை நான் முதலில் கண்டது வீடியோ கசட்டில் ஓடிய ஒரு யுத்தப் படத்தில். சண்டைப்பட நடிகர் என்றே நினைத்திருந்தேன். உதைபந்தாட்ட மைதானத்திலிருந்து வந்தவர் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அமெரிக்கர்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வது நாம் கடற்கரையிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் விளையாடியது அல்ல. நீள்வட்டப் பந்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, மோதி வீழ்த்த வருபவர்களைத் தாண்டி ஓடும் ஆட்டம் அது. எமது நாட்டு றகருக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். 1936 இல் ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்த பிரவுணின் தாய், பிறர் வீடுகளில் பணிசெய்து பிழைத்தவர். மகன் 1957 தொடக்கம் 1965 வரை கிளீவ்லண்ட் அணிக்காக ஒன்பது பருவங்கள் ஆடினார். 118 போட்டிகளில் ஒன்றையேனும் தவறவிடவில்லை. பந்தோடு ஓடிய தூரம் 12,312 யார். அந்த ஒன்பதில் எட்டுப் பருவங்களில் அதிக தூரம் ஓடியவரும் அவரே. ஒவ்வொரு முறை வீழ்த்தப்பட்ட பின்னரும் மிக மெதுவாக எழும்பி, மெதுவாகவே தன் இடத்துக்கு நடந்து போவார். அடி உண்மையில் பலமாகப் பட்ட நாளிலும் அப்படித்தான். வலித்ததா இல்லையா என்பது எதிராளிக்குத் தெரியக் கூடாது.

1966 இல் 'த டேர்ட்டி டசன்' படப்பிடிப்புக்காக இங்கிலாந்து போயிருந்தார். மழையினால் படப்பிடிப்பு இழுபட்டது. அதற்குள் அணியின் பயிற்சி முகாம் தொடங்கும் நாள் வந்துவிட்டது. வராமல் இருக்கும் காலத்துக்குத் தண்டம் அறவிடப்படும் என்று அணியின் உரிமையாளர் ஆர்ட் மொடெல் அறிவித்தார். பிரவுண் முகாமுக்குப் போகவில்லை. தண்டமும் கட்டவில்லை. ஆட்டத்திலிருந்தே விலகுகிறேன் என்று இங்கிலாந்திலிருந்தபடியே அறிவித்துவிட்டார். அப்போது வயது 30. முந்திய பருவத்தின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றிருந்தவரும் அவரே. கறுப்பினத்தவனின் உடல் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலாளியே தீர்மானித்து வந்த ஒரு நாட்டில், அந்த 'மாட்டேன்' சாதாரணச் சொல் அல்ல.

அந்தப் படத்தில் அவர் ஜெபர்சன் என்ற மரண தண்டனைக் கைதி. இறுதிக் கட்டத்தில் ஜேர்மன் அதிகாரிகள் அடைபட்டிருக்கும் நிலவறையின் காற்றுத் துவாரங்களில் கைக்குண்டுகளைப் போட்டபடி முற்றத்தின் குறுக்கே ஓடுகிறார். மைதானத்தில் ஓடிய அதே ஓட்டம். சகாக்களின் வாகனத்தை எட்டுமுன் சுடப்பட்டு விழுகிறார். நடிப்பு என்று பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. வசனத்தைத் தட்டையாகவே பேசுவார். ஆனால் அவர் வந்து நின்றால் திரை நிறைந்துவிடும். 1972 இல் வந்த 'ஸ்லோட்டர்', 1974 இல் தன்னைப் போலவே உதைபந்தாட்டத்திலிருந்து வந்த பிரெட் வில்லியம்சனுடன் நடித்த 'த்ரீ த ஹார்ட் வே' போன்றவற்றில் கறுப்புக் கதாநாயகன் சாவதில்லை, வெல்கிறான். அந்த வகைப் படங்கள் வன்முறையையும் மலினமான உணர்ச்சிகளையும் விற்கின்றன என்று கறுப்பின உரிமை அமைப்புகளே கண்டித்தன. கண்டனம் நியாயமானதே. ஆயினும் தம்மைப் போன்ற ஒருவன் கடைசிக் காட்சியிலும் உயிரோடு நிற்பதைக் காண, கொட்டகைக்கு வந்தவர்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

'த டேர்ட்டி டசன்' வெளியானது 1967 ஜூனில். அதே ஜூன் 4 ஆம் திகதிதான் கிளீவ்லண்ட் கூட்டம் நடந்தது. வியட்நாம் யுத்தத்துக்குப் போக மறுத்த அலியின் பட்டம் அதற்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தது. வந்தவர்களிற் சிலர் படையில் பணியாற்றியவர்கள். அலியின் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையைக் கையாண்ட நிறுவனத்தில் பிரவுணுக்கும் பங்கிருந்தது. அலி இணங்கியிருந்தால் அவருக்கு இலாபம். பல மணி நேரம் மூடிய அறைக்குள் அலியைக் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். வெளியே வந்தபோது அலியின் நம்பிக்கை உண்மையானது என்று அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து உலகுக்குச் சொன்னார்கள். ஜூன் 20 இல் அலிக்கு ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. 1971 இல்தான் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல புகழுரையாக இருந்திருக்கும்.

பெண்களைத் தாக்கியதாக 1960களிலிருந்தே பிரவுண் மீது முறைப்பாடுகள் வந்தன. சிலவற்றிலிருந்து விடுவிக்கப்பட்டார். சில, பெண்கள் தொடர்ந்து பேச முன்வராததால் கைவிடப்பட்டன. 1999 இல் மனைவியின் காரை அடித்து நொறுக்கியதற்காகக் குற்றவாளியாகக் காணப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஆலோசனை வகுப்புக்குப் போகும்படி நீதிமன்றம் சொன்னது. மாட்டேன் என்றார். 2002 இல் சிறைக்குப் போனார். தெருக்கும்பல் இளைஞர்களுக்கும் கைதிகளுக்கும் தம்மைத் தாமே ஆளக் கற்றுக்கொடுக்க 1988 இல் ஓர் அமைப்பை நிறுவி, அதற்காக உண்மையாகவே உழைத்தவர் இவர். மற்றவர்களை அமர்த்திய வகுப்பில் தான் அமர மறுத்தார்.

2023 மே மாதம் தனது 87 ஆவது வயதில் பிரவுண் இறந்தார். இதை எழுதப் போகிறேன் என்றதும் நண்பரொருவர், "மௌத்தானவரின் நல்லதை மட்டும் எழுதுங்களேன்" என்றார். அப்படித்தான் நாமெல்லோரும் வளர்க்கப்பட்டோம். ஆனால் அந்த வழக்குகளில் பேசாமலே போன பெண்களைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. எமது ஊர்களிலும் மேடையில் நீதி பேசிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவர்கள் இல்லையா? அவர்களது ஜனாஸாவிலும் நல்லதையே பேசுகிறோம். பெண்கள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மொடெலிடம் சொன்ன மாட்டேனில் ஒரு மனிதனின் மானம் இருந்தது. அலியின் மாட்டேனில் ஈமானும், முன்பின் தெரியாத வியட்நாமியரின் உயிரும் இருந்தன. நீதிபதியிடம் சொன்ன மாட்டேனில் பிடிவாதத்தைத் தவிர வேறென்ன இருந்தது என்று நண்பரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "அப்படியென்றால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்" என்றார்.