நான்கு மணி நேரக் கடற்பயணம்

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். விண்ணுக்கு வழி பிறந்தது. ஆனால் நம் முன்னோர் தோணியேறிய இத்துறையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் இல்லை. 1983இல் தலைமன்னார்க் கப்பலில் சென்று யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தையைக் காண, 2025இல் தந்தையாருடன் நாகப்பட்டினம் செல்ல வேண்டியதாயிற்று.

அங்கிருந்து காங்கேசன்துறை செல்லும் 'சிவகங்கை' 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய சிறு கப்பல், இருக்கைகள் 150. படுக்கையறை கிடையாது. பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே. கடவுச்சீட்டு, சுங்கச் சோதனைகளுக்கும் பொழுது செலவாகும். முதியோரை அழைத்துச் செல்வோர் இதை நினைவிற் கொள்க. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள்.

சிறு கப்பல் பெருங்கப்பலைவிட மிகுதியாக ஆடும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதி இருக்கை கிடைத்தால் நலம். தொடுவானத்தை நோக்கியிருந்தால் குமட்டல் குறையும். வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறலாகாது. (நான் ஏறினேன்; பட்டேன்.) தந்தையாரோ ஒன்றும் உண்ணாமல், ஒரு சொல்லும் பேசாமல், கரை தெரியும்வரை கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் உடன்குடிக் கருப்பட்டி கொண்டு சென்றிருந்தோம். துறைமுக வாயிலில் அத்தை யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியோடு நின்றிருந்தார்.